எழுத்து கறுப்பாகத் தெரிந்தபோது: தானே திருகிப் பவர் வைக்கும் கண்ணாடியும் ஒரு பள்ளியும்

பின்னணி

அந்தப் பள்ளியில் முந்தைய ஆண்டும் கண் பரிசோதனை நடந்திருந்தது. பவர் எழுதிக் கொடுத்த சீட்டுகளும் போயிருந்தன. நான் போன அன்று எட்டாம் வகுப்பு ஆசிரியை முதலில் சொன்னது இதைத்தான்: “போன தடவை கொடுத்த சீட்டு பாதிப் பிள்ளைங்க நோட்டுக்குள்ளேயே இருக்கு சார். கண்ணாடி வரலை.” கண்ணைப் பார்க்க ஓர் இடம், கண்ணாடி வாங்க வேறோர் இடம், அதற்கு வீட்டில் ஒருவர் ஒரு நாள் வேலையை விட வேண்டும். பவர் கண்டுபிடிப்பதற்கும் கண்ணாடி மூக்கில் ஏறுவதற்கும் நடுவே இருக்கும் இந்தத் தூரத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் நின்றுபோகிறார்கள்.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைச் சோதித்துப் பவர் எழுதுபவன். ஒரு பிள்ளைக்குக் கண் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டு, காத்திருந்து, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவர் அளக்கும் ரெட்டினோஸ்கோப்பில் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒரு நாளில் மூன்று வகுப்பை அப்படிப் பார்க்க முடியாது. அதனால் பிள்ளைகளே திருகிப் பவர் வைத்துக்கொள்ளும் கண்ணாடியை இங்கே பயன்படுத்திப் பார்ப்பது என்று தலைமையாசிரியருடன் பேசி முடிவெடுத்தோம். பவரும் அன்றே, கண்ணாடியும் அன்றே என்பதுதான் அதன் ஈர்ப்பு.

இதை எழுதுவதற்குக் காரணம் பதின்மூன்று வயது மாணவி ஒருத்தி. அவள் கண் பரிசோதனைப் பலகையில் 6/6 வரியை, அதாவது சாதாரணப் பார்வை உள்ளவர் 6 மீட்டரிலிருந்து படிக்கும் வரியை, பிழையில்லாமல் படித்தாள். நானும் அதை எழுதிக்கொண்டேன். அந்த எண் சரி, கண்ணாடி தவறு.

கண்ணாடியின் அமைப்பு

இவ்வகைக் கண்ணாடிகளில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது திரவ வகை. வளையக்கூடிய ஒளிபுகு படலத்துக்குள் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். எண்ணெயைக் கூடுதலாகத் தள்ளினால் படலம் உப்பிப் பிளஸ் லென்ஸ் ஆகும், உறிஞ்சி எடுத்தால் உள்வாங்கி மைனஸ் லென்ஸ் ஆகும். ஆக்ஸ்ஃபோர்டு இயற்பியலாளர் ஜோஷுவா சில்வர் 1980களிலிருந்து இதில் உழைத்தவர். அவருடைய வடிவில் மைனஸ் 6 முதல் பிளஸ் 6 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வரை போகலாம். இரண்டாவது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தகடுகளைப் பக்கவாட்டில் நகர்த்துவது. லூயிஸ் ஆல்வரெஸ் இதற்கு 1967-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே இயற்பியல் நோபல் பரிசும் பெற்றார், ஆனால் அது துகள் ஆய்வுக்காக.

எங்களிடம் இருந்தது திரவ வகை. ஒவ்வொரு காதுக்கம்பியிலும் ஒரு திருகு. வலது திருகு வலக்கண்ணுக்கு, இடது திருகு இடக்கண்ணுக்கு. பவர் வைத்து முடித்ததும் திருகைப் பூட்டிவிட ஒரு சின்ன ஆணியும் உண்டு. அந்த ஆணி பின்னால் வரும்.

லென்ஸ் இரண்டும் வட்டமாக இருந்தன. படலம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக உப்ப வேண்டுமானால் அதன் ஓரம் வட்டமாக இருப்பதுதான் எளிது. இயற்பியலுக்கு அது சரி. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அது சரியில்லை என்று நான்கு வாரத்தில் தெரிந்தது.

முதல் நாள்: பிரித்தெடுத்தது

வகுப்பறை நீளம் போதாமல் தாழ்வாரத்தில் நாடா வைத்து 6 மீட்டர் அளந்து கோடு போட்டோம். எந்தக் கண்ணாவது 6/12 வரியைப் (கீழ் எண் கூடக்கூடப் பார்வை குறைவு) படிக்காவிட்டால் அந்தப் பிள்ளையைத் தனியே உட்கார வைத்தோம். மூன்று வகுப்பிலும் சேர்த்து 19 பேர்.

அடுத்து ஒவ்வொருவருக்கும் பின்ஹோல் சோதனை. ஒரு மில்லிமீட்டர் அளவு துளை வழியே பார்க்கும்போது பார்வை கூடினால் கோளாறு பவரில் இருக்கிறது, கண்ணாடியால் தீரும். கூடாவிட்டால் கண்ணின் உள்ளே வேறு காரணம் இருக்கலாம், அல்லது தெளிவாகப் பார்த்துப் பழகாத சோம்பேறிக் கண்ணாக இருக்கலாம். கூடாத நான்கு பேரை நேரே கண் மருத்துவரிடம் அனுப்பினோம். இந்தக் கண்ணாடி அவர்கள் கைக்குப் போகவே இல்லை. அன்று எடுத்த முடிவுகளில் இன்றும் மாற்ற விரும்பாதது இது ஒன்று.

மீதி 15 பேரில் மூவர் 12 வயதுக்குக் கீழ். அவர்களை என் பழைய முறைப்படி பிறகு பார்ப்பதாக ஒதுக்கினேன். காரணம் உண்டு. தானே பவர் வைக்கும் முறையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதித்துச் சீனாவின் கிராமப்புறத்தில் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. அதில் இருந்தவர்கள் 12 முதல் 18 வயது வரை. நூற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணில் 6/7.5 வரை எட்டினார்கள். அந்த வயதுக்குக் கீழே இதே பலனை நம்ப என்னிடம் காரணம் இல்லை. சின்னப் பிள்ளைகளின் கண் தசை இன்னும் வலுவானது, சொல்வதைப் பின்பற்றும் பொறுமையும் குறைவு.

ஆக, 12 பேர்.

அவர்களில் இருவரைப் பற்றி மட்டும் விவரமாக எழுதுகிறேன். ஒருத்தி மேலே சொன்ன மாணவி. முன் பெஞ்சு. பலகையைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைச் சுருக்குவாள், பிறகு பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வாள். கண்ணாடி இல்லாமல் இரு கண்ணும் 6/24. பின்ஹோலில் 6/6. பாடப்புத்தகத்தில் வரும் கிட்டப்பார்வை (தூரம் மங்கும், மைனஸ் லென்ஸ் வேண்டும்) மாதிரியே இருந்தாள்.

இன்னொருவன் பதினான்கு வயது மாணவன். வலது 6/12, இடது 6/36. பின்ஹோலில் இடது கண் 6/12 வரை வந்தது. இரண்டு கண்ணுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தும் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கே தெரியவில்லை. வலது கண்ணை நாங்கள் மூடியபோது கையைத் தட்டிவிட்டு, “சார், லைட்டு போயிடுச்சா?” என்றான்.

எடுத்த முடிவுகள்

சொட்டு மருந்து விடவில்லை. விட்டால் அன்று முழுக்கக் கிட்டத்தில் மங்கும், மறுநாள் தேர்வு இருந்தது, பெற்றோர் ஒப்புதலும் கையில் இல்லை. பிள்ளைகளின் கண் தசையைத் தளர்த்தாமல் பவர் பார்த்தால் மைனஸ் கூடுதலாக வர வாய்ப்பு உண்டு என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. அதைத் தடுக்க வேறு வழி வைத்திருந்தேன். முதலில் திருகைப் பிளஸ் பக்கம் கொண்டுபோய்ப் பலகை முழுக்க மங்கச் செய்ய வேண்டும். அங்கிருந்து மெதுவாக மைனஸ் பக்கம் வந்து, எழுத்து முதன்முதலாகத் தெளியும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பிளஸ் பக்கமிருந்து வந்தால் கண்ணுக்குள் தசை வேலை செய்யக் காரணம் இருக்காது. முறை சரியானதுதான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் அதில் எல்லாமே.

இரண்டாவது முடிவு, ஆசிரியையே பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது. நான் ஒருவன் இல்லாத நாளிலும் இது நடக்க முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம், அதனால் நான் பக்கத்தில் நின்று கவனிப்பது என்று வைத்துக்கொண்டோம். அரைப்பக்கக் குறிப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாவது, திருகிய பிறகு பலகையில் 6/7.5 அல்லது அதைவிடக் கீழ் வரி படித்தால் தேர்ச்சி. வேறு சோதனை இல்லை.

நான்காவது, பூட்டும் ஆணியை இறுக்காமல் விட்டது. முதல் நாள் பதற்றத்தில் வைத்த பவர் சரியாக இராது, இரண்டு நாள் போட்டுப் பார்த்துச் சின்னதாகத் திருத்திக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். இந்த முடிவுக்கு என்னைத் தவிர யாரும் பொறுப்பல்ல.

திருகிய மணி நேரம்

ஒரு கண்ணை உள்ளங்கையால் குவித்து மூட வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் திறந்தபின் அந்தக் கண் சில நிமிடம் மங்கலாகவே இருக்கும். விரல் இடுக்கில் பார்ப்பவர்கள் இருவர் இருந்தார்கள், திரும்பச் செய்யச் சொன்னோம். மற்றபடி பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றரை மணி நேரத்தில் 12 பேரும் முடிந்தது. ஒரு பையன் திருகி முடித்ததும் வகுப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பலகை மூலையில் முந்தின நாள் தேதி அழிக்காமல் இருப்பதை ஆசிரியையிடம் காட்டிக் கொடுத்தான்.

மாணவியின் முறை வந்தது. ஆசிரியை குறிப்பைப் பார்த்துச் சொன்னார்: “நல்லா மங்கற வரைக்கும் பின்னாடி திருப்பு. இப்ப மெதுவா முன்னாடி கொண்டு வா.” அவள் திருகினாள். 6/18, 6/12, 6/9. கொஞ்சம் நிறுத்தி மறுபடி திருகினாள். 6/6 வந்துவிட்டது. கை நிற்கவில்லை.

“இன்னும் கறுப்பா வருது மிஸ்.”

“நல்லா தெரியுதுல்ல? அப்ப இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாரு.”

நான் இரண்டு எட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அந்த வார்த்தை காதில் விழுந்தது. தேவைக்கு மேல் மைனஸ் ஏறும்போது எழுத்து சிறுத்து, அழுத்தமாய், கறுத்துத் தெரியும். தெளிவு கூடாது, கூடியது போலத் தோன்றும். லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் ட்ரயல் ஃபிரேமில் பவர் பார்க்கும்போது “தெளிவா இருக்கா, இல்ல சின்னதா கறுப்பா இருக்கா?” என்று நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அன்று கேட்கவில்லை. அவள் 6/6 படித்தாள், திருகின் அளவுகோலில் வலது மைனஸ் 3.25, இடது மைனஸ் 3.50 என்று இருந்ததைக் குறித்துக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

மாணவனுக்கு வலது கண் சரியாக வந்தது. இடது கண் வரவில்லை. அவன் திருகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இரண்டு முறை கொண்டுபோனான். 6/18-க்குக் கீழே ஒரு வரியும் இறங்கவில்லை. எங்கள் பலகையில் மூன்று கோல்கள் நீட்டிய ‘ஈ’ வடிவம் பல பக்கம் திரும்பி இருக்கும். அவன் சொன்னான்: “நட்டுக்க நிக்கற கோடு நல்லா இருக்கு, படுக்கைக் கோடு ரெண்டா இருக்கு சார்.” இன்னும் திருகியதும், “இப்ப படுத்தது நல்லா இருக்கு, நின்னது போயிடுச்சு.” பார்வைச் சிதறலை இதைவிடத் துல்லியமாக யாரும் எனக்கு விவரித்ததில்லை. கருவிழியின் வளைவு மேலும் கீழுமாக ஓர் அளவு, பக்கவாட்டில் வேறோர் அளவு. அதற்கு ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் சிலிண்டர் பவர் வேண்டும். சீராக உப்பும் படலத்தால் சிலிண்டர் பவர் கொடுக்க முடியாது. அவனுக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதி, தற்காலிகமாக அந்தக் கண்ணாடியையும் கொடுத்தனுப்பினோம்.

நான்கு வாரம் கழித்து

சொல்லாமல் போனேன். சொல்லிவிட்டுப் போனால் எல்லோரும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

12 பேரில் போட்டிருந்தவர்கள் ஐந்து பேர். நான்கு கண்ணாடி பையில், இரண்டு வீட்டில். ஒன்றில் எண்ணெய்க்குள் காற்றுக்குமிழ் நுழைந்து பார்வைக்கு நடுவே மிதந்துகொண்டிருந்தது. பையில் வைத்திருந்தவர்களிடம் காரணம் கேட்டால் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும், “ஆந்தைன்னு கூப்பிடறாங்க” என்றான். வட்ட லென்ஸ், தடித்த ஓரம், காதருகே துருத்திய திருகு. போதாக்குறைக்குப் பின் பெஞ்சுக்காரர்கள் போகிற வருகிற போக்கில் அந்தத் திருகைத் திருப்பிவிட்டு ஓடுவது ஒரு விளையாட்டாகவே ஆகியிருந்தது. ஆணியை இறுக்காததன் முதல் பலன் அது.

மாணவி போட்டிருந்தாள். “இவதான் சார், ஒரு நாள் கூடக் கழட்டலை” என்றார் ஆசிரியை. பலகையைத் தானே பார்த்து எழுதுகிறாள், இப்போது இரண்டாம் பெஞ்சில் உட்கார்கிறாள் என்றார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தார். அம்மா எழுதியது: சாயங்காலமானால் தலைவலி என்று படுத்துவிடுகிறாள், கண்ணாடி போட்டதிலிருந்துதான் இப்படி, பவர் ஏறுகிறதோ என்று பயமாக இருக்கிறது, போடாமல் விட்டுவிடலாமா?

கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்ற நம்பிக்கையை வீடு வீடாக மறுத்துப் பேசுவது எங்கள் தொழிலில் பாதி. இந்தத் தாயிடம் அப்படிப் பேச முடியவில்லை. கண்ணாடியை, லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸ்மீட்டரில் வைத்துப் பார்த்தேன். வலது மைனஸ் 3.75, இடது மைனஸ் 4.00. முதல் நாள் குறிப்பைவிட அரை டயாப்டர் கூடியிருந்தது. யார் திருகியது என்று மாணவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

“நான்தான் சார். படிச்சிட்டு நிமிர்ந்தா போர்டு மங்கலா இருக்கும். கொஞ்சம் திருப்பினா பளிச்சுனு ஆயிடும்.”

கண்ணுக்குள் நடந்தது

அன்றே இரண்டு எளிய சோதனைகள் செய்தேன். அவள் கண்ணாடிக்கு மேல் பிளஸ் 1.00 லென்ஸைப் பிடித்தேன். பவர் சரியாக இருந்தால் இது பார்வையை 6/18 அளவுக்கு மங்கச் செய்ய வேண்டும். அவள் அதோடும் 6/6 படித்தாள். அடுத்தது சிவப்பு பச்சைப் பலகை. மைனஸ் கூடுதலாக இருப்பவர்களுக்குப் பச்சைப் பின்னணியில் உள்ள எழுத்து சிவப்பில் உள்ளதைவிடத் தெளிவாக இருக்கும். “பச்சை” என்று உடனே சொன்னாள்.

மறுவாரம் அம்மாவின் ஒப்புதலோடு சைக்ளோபென்டோலேட் 1 சதவீதச் சொட்டு மருந்து விட்டேன். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு சொட்டு. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு ரெட்டினோஸ்கோப்பில் பார்த்தால் வலது மைனஸ் 1.75, இடது மைனஸ் 2.00. அந்தப் பவரில் இரு கண்ணும் 6/6. அவள் நான்கு வாரமாகத் தேவையைப்போல் இரண்டு மடங்கு பவர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

தேவைக்கு மேல் மைனஸ் வைத்தால் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போய் விழும். வயதானவராக இருந்தால் உடனே மங்கும், திருகை நிறுத்திவிடுவார். பதின்மூன்று வயதுக் கண்ணில் சிலியரி தசை சுருங்கி, கண்ணின் சொந்த லென்ஸை உப்பச் செய்து, பிம்பத்தை முன்னுக்கு இழுத்துவிடும். அந்த வயதில் பத்து டயாப்டருக்கு மேல் இப்படி இழுக்கும் சக்தி உண்டு, இரண்டு டயாப்டர் அதற்குப் பெரிதல்ல. ஆனால் தசை பள்ளி நேரம் முழுக்க அந்த இரண்டைச் சுமக்கிறது. புத்தகம் படிக்கும்போது கிட்டத்துக்கான வேலை அதன் மேல் சேர்கிறது. மாலையில் தலைவலி. படித்துவிட்டு நிமிரும்போது இறுகிய தசை உடனே தளர்வதில்லை, அதனால் பலகை மங்கல். மங்கினால் இன்னும் கொஞ்சம் மைனஸ் பக்கம் திருகுகிறாள், தசை அதற்கும் ஈடு கொடுக்கிறது. திருகு கைக்கு எட்டும் இடத்தில் இருந்தவரை இந்தச் சுற்று நிற்க வழியே இல்லை.

இதை முதல் நாளே பிடித்திருக்கலாம். என் குறிப்பேட்டில் ஒரே வரியில் இரண்டு எண்கள் இருந்தன: கண்ணாடி இல்லாமல் 6/24, வைத்த பவர் மைனஸ் 3.25. இரண்டும் பொருந்தாது. சாதாரணக் கிட்டப்பார்வையில் மைனஸ் 1-க்கு 6/18 பக்கம் வரும், ஒன்றரையைத் தாண்டும்போது 6/24, 6/36 என்று இறங்கும், மூன்றைத் தாண்டினால் பலகையின் பெரிய எழுத்தே சிரமம். மைனஸ் 3.25 உண்மையாக வேண்டிய பிள்ளை வெறும் கண்ணில் 6/24 படிக்காது. கருவி எதுவும் வேண்டாம், இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். 6/6 என்ற மூன்றாவது எண் கண்ணை மறைத்துவிட்டது.

மற்ற பதினொரு பேர்

எல்லோரையும் மறுபடி பார்த்தேன், சொட்டு மருந்தோடு. ஏழு பேருக்கு அவர்களே வைத்த பவருக்கும் நான் கண்டதற்கும் அரை டயாப்டருக்குள்தான் வித்தியாசம். எந்தப் பயிற்சியும் இல்லாத பிள்ளைகள், முதல் முறையாக, தாழ்வாரத்தில் நின்று ஐந்து நிமிடத்தில் வைத்த பவர் அது. கருவியைக் குறை சொல்லிவிட்டுப் போக இந்த ஏழு பேர் விடமாட்டார்கள். இருவருக்கு முக்கால், ஒரு டயாப்டர் மைனஸ் கூடுதல், தொந்தரவு இல்லை. ஒருத்தி திருகு உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் நிறுத்தியிருந்தாள், அவளுக்கு முக்கால் டயாப்டர் குறைவு.

மாணவனின் இடது கண்ணுக்கு மைனஸ் 0.50, அதனோடு சிலிண்டர் மைனஸ் 2.75, அச்சு 180. ட்ரயல் ஃபிரேமில் அதைப் போட்டதும் 6/12-இல் நின்றான். உள்ளே வேறு கோளாறு இல்லை என்று கண் மருத்துவர் பார்த்துச் சொன்னார். இத்தனை ஆண்டு தெளிவான பிம்பமே பார்க்காத கண், சரியான லென்ஸ் வந்த உடனே முழுப் பார்வை கொடுத்துவிடாது. எங்கள் தற்காலிகக் கண்ணாடி அவனுக்கு ஒரு கெடுதலும் செய்தது. கண்ணாடி கைக்கு வந்துவிட்டதே என்று வீட்டில் பரிந்துரைச் சீட்டை எடுத்து வைத்துவிட்டார்கள். ஒரு மாதம் போயிற்று. ஒன்றும் கொடுக்காமல் சீட்டை மட்டும் கொடுத்திருந்தால் ஒருவேளை போயிருப்பார்கள். ஒருவேளை அதுவும் நோட்டுக்குள் போயிருக்கும்.

மாற்றியதும் விளைவும்

12 பேருக்கும் சாதாரணக் கண்ணாடி செய்து கொடுத்தோம், ஃபிரேமை அவரவரே எடுத்துக்கொண்டார்கள். இரு கண்ணும் ஏறக்குறைய ஒரே பவராக, சிலிண்டர் இல்லாமல் இருந்தவர்களுக்கு அளந்து செய்யாமல் ஆயத்தக் கண்ணாடியே கொடுத்தோம். பெங்களூரில் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆயத்தக் கண்ணாடியையும் அளந்து செய்த கண்ணாடியையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது இரு பிரிவிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குப் பிள்ளைகள் கண்ணாடி போட்டிருந்தார்கள் என்பது அதன் முடிவு. அதை நம்பித்தான் செய்தோம். மூன்று மாதம் கழித்துச் சொல்லாமல் போனபோது எங்கள் 12 பேரில் ஒன்பது பேர் போட்டிருந்தார்கள். ‘ஆந்தை’ என்று கூப்பிடப்பட்டவன் கறுப்பு நிறச் சதுர ஃபிரேம் எடுத்திருந்தான்.

மாணவிக்குக் கண்ணாடி மாற்றிய முதல் நான்கைந்து நாள் பலகை மங்கலாகத்தான் இருந்தது. இறுகிப் பழகிய தசை தளர நேரமாகும் என்று அம்மாவை உட்கார வைத்து முன்னரே சொல்லியிருந்தேன், ஏன் தவறு நடந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “கண்ணு கெட்டுப்போகலையே?” இல்லை, சொட்டு மருந்தில் வந்த மைனஸ் 1.75-உம் 2.00-உம்தான் அவள் உண்மையான பவர், கூடுதலாகத் தெரிந்தது தசையின் இறுக்கம் என்றேன். இரண்டு வாரத்தில் தலைவலி போனது. புதுக் கண்ணாடி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, “எழுத்தெல்லாம் பெருசாயிடுச்சு சார்” என்றாள். மூன்றாம் மாதம் இரு கண்ணும் 6/6, பிளஸ் 1.00 வைத்தால் 6/18.

மாணவனின் இடது கண் மூன்றாம் மாதத்தில் 6/9-க்கு வந்திருந்தது. தொடர்ந்து போடுகிறான், கண் மருத்துவரிடமும் போய் வருகிறான்.

மறுபடி செய்யும்போது

திருகும் கண்ணாடிகளை நாங்கள் தூக்கிப் போடவில்லை. பெட்டியில் இருக்கின்றன. இப்போது அவை பவர் அளக்க மட்டும். பிள்ளை திருகி முடித்ததும் லென்ஸ்மீட்டரில் எண்ணைப் படித்துக்கொண்டு கண்ணாடியை வாங்கி வைத்துவிடுகிறோம், வீட்டுக்குப் போவது சாதாரணக் கண்ணாடிதான். எங்காவது தற்காலிகமாகக் கொடுக்க நேர்ந்தால் ஆணியை இறுக்கி, அதன் மேல் ஒரு துளி பசையும் வைக்கிறோம். பின்ஹோலில் வரும் பார்வையைவிடத் திருகி வந்த பார்வை இரண்டு வரி பின்தங்கினால் சிலிண்டர் என்று எடுத்துக்கொண்டு கண்ணாடியே கொடுக்காமல் அனுப்புகிறோம். பின்னே போய்ப் பார்ப்பது நான்காவது வாரம் அல்ல, முதல் வாரம்.

பிளஸ் 1.00 சோதனை ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. அதற்குப் பெரியவர்கள் படிக்கப் போடும் பிளஸ் 1.00 கண்ணாடி ஒன்று போதும், ஆசிரியரே செய்யலாம். அதைப் போட்டும் பிள்ளை கடைசி வரியைப் படித்தால் அன்று அந்தப் பிள்ளைக்குப் பவர் முடிவாகவில்லை. மைனஸ் 2-க்கு மேல் திருகியவர்கள், வெறும் கண்ணில் 6/24 வரியையோ அதைவிடச் சின்ன எழுத்தையோ படித்தவர்களாக இருந்தால் சொட்டு மருந்துக்கு வருகிறார்கள்.

அரைப்பக்கக் குறிப்பைத் திருத்தியவர் ஆசிரியை. நடந்ததில் தன் பங்கை நினைத்து அவர் மிகவும் வருந்தினார். குறிப்பில் எங்கே நிறுத்துவது என்று நான் எழுதவே இல்லை, “தெளிவாகும் வரை” என்று மட்டும்தான் எழுதியிருந்தேன் என்பதை எடுத்துக் காட்டினேன். அந்த வரியை அடித்துவிட்டு அவர் தன் கையெழுத்தில் எழுதியது இது: “நல்லா தெரியுதான்னு கேட்காதே. புதுசா ஒரு எழுத்தாவது படிக்க முடியுதான்னு கேள். முடியலைன்னா, கறுப்பா வருதுன்னு சொன்னா, ஒரு சுற்று பின்னாடி.” மற்ற பள்ளிகளுக்கும் இப்போது அந்தத் தாளைத்தான் படியெடுத்துக் கொடுக்கிறேன்.